புருவப் பென்சிலில் போட்ட கோடு

இன்று காலை நம் ஊர் மாத்திரை மையத்துப் பீரோவை ஒழித்தோம். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதாம், பழைய நோட்டுகளைக் கட்டிப் போடச் சொன்னார்கள். அடியிலிருந்து நீளமாய் ஒரு நோட்டு வந்தது. பிரித்தால் வரிசை வரிசையாய் அச்சடித்த கட்டங்கள். ஓரத்தில் மட்டும் கோணலாய்க் கறுப்பாய் ஒரு கோடு. தொட்டேன், விரலில் ஒட்டியது. உன் புருவப் பென்சில்! நான் போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டது என்று பக்கத்து அறை டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் என்னைக் கத்த வைக்கிறாய் பார்.

தஞ்சாவூரில் அந்த மூன்று நாள் பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? எச்.ஐ.வி. நோயாளிகள் கணக்கைப் பிசகில்லாமல் எழுதப் பழக்குவதற்கு நாலு மாவட்டத்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹால் முழுக்கப் படித்தவர்கள். களப்பணியாளர் என்ற பேரில் நாம் இருவர் மட்டும் அரைகுறை. நான் அஞ்சாங் கிளாஸ், நீ ஆறு. அந்த ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு நீ பண்ணிய அலட்டல் இருக்கிறதே!

"நேரா உக்காருடி. படிச்சவ பக்கத்துல உக்காந்திருக்க."

"ஆமாமா, கலெக்டரம்மா. மொதல்ல நோட்டத் தலைகீழா புடிக்காத."

உனக்கு அந்த நோய் இருப்பது ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் பாதி ஊர் திருப்பூருக்குப் போனதே, அதில் உன் வீட்டுக்காரரும் ஒருவர். உடம்பு முடியாமல் திரும்பி வந்தார், போய்விட்டார். அதற்குப் பிறகுதான் உனக்கும் சோதனை செய்தார்கள். மாசா மாசம் மாத்திரைக்குத் தஞ்சாவூர். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினால் மன்னார்குடி வருவதற்குள் என் தோளில் சாய்ந்துவிடுவாய். இன்னும் எத்தனை மாசம் இவளால் இப்படி வர முடியும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே வருவேன். மாத்திரை கொடுக்க நம் ஊருக்கே ஒரு மையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதை நம்பித்தான் இருந்தோம்.

இரண்டாம் நாள், பயிற்சிக்கு வந்த டாக்டர் மேடம் திரையில் வரைபடம் போட்டார். தஞ்சாவூர் செக்கச் சிவப்பு. நம் தாலுகா வெள்ளை வெளேர்.

"திருத்துறைப்பூண்டி பக்கம் கேஸே இல்ல. அங்க புது மையம் தேவைப்படாது."

நீ என் தொடையைக் கிள்ளினாய். தடம் நாலு நாள் இருந்தது. மேடம் அடுத்து, தஞ்சாவூர் மையத்தில் நோயாளிகள் கொடுத்த விலாசங்களைக் காட்டினார். பாதிக்கு மேல் 'பழைய பஸ் ஸ்டாண்டு பின்புறம்'. எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

"இம்புட்டுப் பேரு அங்க குடியிருந்தா பஸ்ஸு எங்க மேடம் நிக்கும்?"

ஹாலே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அப்ப இது பொய் விலாசமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று சொன்னால் உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி. பேனா மூடியைத் தேடுகிற மாதிரி நான் மேஜைக்கடியில் குனிந்தேன். நீ எழுந்தாய்.

"அதுல ஒருத்தி நான் மேடம். எனக்கு நெசத்துல திருத்துறைப்பூண்டி. உள்ளூர்ல யாரும் பாத்துடக் கூடாதுன்னு இங்க வந்து பொய் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான். இந்த ஊருக்காரங்க திருச்சிக்குப் போவாங்க, கேட்டுப் பாருங்க."

மேடம் மேடையை விட்டு இறங்கி உன் பக்கத்தில் வந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உண்மையான ஊர எப்படித்தான் கேக்கறது?"

"ஊரக் கேக்காதீங்க. திரும்பிப் போக எந்த பஸ்ஸுன்னு கேளுங்க. அதுல பொய் சொல்ல மாட்டாங்க. பஸ்ஸ விட்டுட்டா அப்புறம் யாரு கொண்டாந்து விடுவா?"

பேர் வேண்டாம், தெரு வேண்டாம், பஸ்ஸை வைத்துத் தாலுகாவை மட்டும் குறித்தால் போதும் என்று மேடம் முடிவு செய்தார். அப்புறம் மூன்று மாசம் தஞ்சாவூர் மையத்து வராந்தாவில் உன் ராஜ்ஜியம். "ரெண்டு மணி வண்டிக்காங்க? மன்னார்குடியா, வேதாரண்யமா?" கண்டக்டர் விசில் ஒன்றுதான் உனக்குக் குறை என்பேன். வெள்ளையாய் இருந்த நம் தாலுகா மெல்ல நிறம் ஏறியது. நோயாளிகள் இருக்கிறார்கள் என்று கைதட்டிக் குதித்த பைத்தியங்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். அவர்கள் முன்பும் இருந்தவர்கள்தானே, இப்போதுதான் கணக்குக்குள் வந்தார்கள்.

மையம் வந்தது. திறக்கிற அன்றைக்கு நீ என்ன சொன்னாய்?

"நான் வரலடி. மீன் வாங்கப் போறவ எல்லாம் பாப்பா."

"அவ்வளவு பெரிய சபையில எந்திரிச்சு நின்னவதானடி நீ?"

"அது தஞ்சாவூரு. இது நம்ம ஊரு."

வருகிறவர்களைப் பதிகிற நோட்டோடு தனியாகப் போனேன். பெஞ்சு காலி. பதினோரு மணி வரைக்கும் காலி. வேப்பமரத்தடியில் ஒருவர் சைக்கிளைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. இப்படியே போனால் மூடிவிடுவார்கள் என்று வாசலுக்கும் பெஞ்சுக்குமாய் நடந்தேன்.

அப்போது பெரிய கேட் வழியாக நீ வந்தாய்! பச்சைச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், வில்லாய் வளைத்த புருவம். பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து என் நோட்டை இழுத்துப் பார்த்தாய்.

"இதுல பஸ் கட்டம் எங்கடி?"

அச்சடித்தவர்கள் அதை விட்டிருந்தார்கள். பைக்குள் கையை விட்டாய், புருவப் பென்சிலை எடுத்தாய், ஸ்கேல் இல்லாமல் ஒரே இழுப்பு. நானும் விடுவேனா? பேனாவை நீட்டிக்கொண்டு, அந்நியமாய்க் கேட்டேன்.

"திரும்பிப் போக எந்த பஸ்ஸுங்க?"

"பஸ்ஸெல்லாம் இல்ல. நடந்துதான் போவேன். எழுதுடி."

சைக்கிள்காரர் உள்ளே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் மாத்திரையும் மையுமாய் என்னை ஆட்டி வைத்தாய்! கடைசியில் உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி, அந்த நோய் இல்லை. இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன்.

நோட்டை நான் கட்டவில்லை, என் பையில் இருக்கிறது. முதல் வரியில் பேர் இல்லை. எண் ஒன்று, கோணல் கோடு, அதற்கு அந்தப் பக்கம் என் கிறுக்கல் எழுத்தில் 'நடந்து'. விரலில் ஒட்டிய மையை என் புருவத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்த பஸ்ஸுக்கும்மா போகணும்?"

"நடந்துதான்க்கா" என்றாள்.