மழையில் பாட்டை நிறுத்துகிறவனுக்கு

இன்று காலை புது துரையின் காரில் ரிங்லெட் வரை போனேன். நம் தோட்டத்து மருந்தறைக்கு மருந்துப் பெட்டிகள் வந்து கிடப்பதாக ஆள் சொல்லியனுப்பியிருந்தார்கள். துரையும் அந்தப் பக்கம்தான் போகிறவர், "ஏறுங்க டிரெஸர்" என்றார். காருக்குள் நீ பார்த்திராத ஒரு சாமான் இருந்தது. கேசட் இல்லை, முகம் பார்க்கிற அளவுக்கு மின்னுகிற ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பைப் பாட்டுப்பெட்டியின் வாயில் வைத்தால் போதும், பெட்டி தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. திருப்பிப் போட வேண்டியதில்லையாம். நாடா சிக்காதாம். வேண்டிய பாட்டின் எண்ணை அமுக்கினால் நேரே அங்கே போய் நிற்குமாம். துரை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டினார். கை இன்னும் பழகவில்லை போலிருக்கிறது, அமுக்க அமுக்கத் தட்டு வெளியே வந்து நாக்கை நீட்டியது. நீ இருந்திருந்தால் அவரை நகர்ந்து உட்காரச் சொல்லியிருப்பாய்.

பாட்டு என்னவோ துல்லியமாகத்தான் இருந்தது. தேயிலைச் சரிவு முடிந்து செம்மண் வெட்டு தொடங்குகிற வளைவில் மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தலாம் என்று குமிழைத் தேடுகிறேன், குமிழே கிடையாது, எல்லாம் பொத்தான்.

"சார், பாட்ட கொஞ்சம் நிறுத்திருங்க சார்."

"ஏன் டிரெஸர், பாட்டு பிடிக்கலையா?"

"மழை பெய்யுது சார்."

மழைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. ஏதோ கிழவன் உளறுகிறான் என்று நிறுத்திவிட்டார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடியே வந்தேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதைக்கூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் விஷயம் தெரிந்து சிரிப்பாய்.

நீ ஓட்டிய தோட்டத்து ஜீப்பில் கேசட் பெட்டி மாட்ட அடித்த கூத்து ஞாபகம் வருகிறது. பழைய துரையிடம் எப்படிக் கெஞ்சி அனுமதி வாங்கினாயோ தெரியவில்லை. ஈப்போவிலிருந்து பெட்டியைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். ஸ்பீக்கரை இருக்கைக்கு அடியில் வைத்தாய், பின்னால் ஏறிய கொழுந்தெடுக்கும் பெண்கள் உதைத்தே அதை நசுக்கிவிட்டார்கள். பிறகு மேலே கட்டினாய். எனக்குத் தொடத் தடை. இடது குமிழைத் திருகினால் 'டக்'கென்று உயிர் வரும், அதற்குமேல் திருகினால் சத்தம் ஏறும் என்பதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான் ஒவ்வொரு தடவையும் வலது குமிழை அமுக்கிக் கேசட்டைத் துப்ப வைப்பேன். "ஊசி போடற கைதானே இது? இதுக்குப் போயி நடுங்குது பாரு" என்பாய்.

ஆனால் என் மருந்தறை இல்லாமல் உன் பெட்டி பாடியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குரல் மந்தமானால் வாசலில் வந்து நிற்பாய், தலை சொறிவாய். ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வருவேன். நாடா உரசுகிற இடத்தை நீ துடைப்பாய், பஞ்சில் பழுப்பாக அழுக்கு வரும். நாடாவைப் பெட்டி தின்றுவிட்டால் என் பென்சிலைப் பிடுங்கிக் கேசட்டின் பல்லில் மாட்டிச் சுற்றுவாய். நோயாளி காத்திருப்பார், நீ சுற்றிக்கொண்டிருப்பாய்.

அவ்வளவு ஆசையாக வளர்த்த பெட்டியை மழை வந்தால் மட்டும் ஈவு இரக்கமில்லாமல் அணைத்துவிடுவாய். பாதிச் சரணமாக இருந்தாலும் சரி. பெண்கள் பின்னாலிருந்து கத்துவார்கள், நீ கண்ணாடியை இறக்கிக் காதை மலைப்பக்கம் கொடுத்துக்கொண்டு ஓட்டுவாய். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லோரிக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். "மலை சும்மா எறங்காதுலா. மொதல்ல சின்னச் சின்னக் கல்லா போட்டுப் பாக்கும். அந்தச் சத்தம் காதுல விழணும், விழுந்தாத்தான் தப்பிக்கலாம்" என்றாய். சொன்னவன் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனாய். கேட்ட எனக்குத்தான் அன்றிலிருந்து மழை என்றாலே கண் மேட்டுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் மண்சரிவு எங்கோ நடக்கிற சங்கதி. நீ சொன்ன பிறகு எல்லா மேடும் என்னைக் குறிவைத்துக் காத்திருப்பதாகவே பட்டது. நோயாளியோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கும்போதெல்லாம் பாட்டு ஓடக் கூடாதா என்று ஏங்குவேன். சத்தம் இருந்தால் பயம் கொஞ்சம் அடங்கும். நீ அணைத்துவிட்டால் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும்.

கமலாவை ஏற்றிக்கொண்டு போன மத்தியானத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் வளவளத்தேன்.

தலைச்சன் பிள்ளை. மருத்துவச்சி ஊரில் இல்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், பிள்ளையின் தலை மேலே இருந்தது. காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியும், காய்ச்சலுக்கு மருந்து தெரியும், காலோடு வருகிற பிள்ளையை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி மேலே தானா ராத்தாவில், அங்கே போகிற பாதையில் மரம் விழுந்து கிடந்தது. கீழே தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்குவதைத் தவிர வழியில்லை. பின்னால் மெத்தை போட்டுக் கமலாவைக் கிடத்தினோம், அவள் மாமியார் அஞ்சலையம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார். தேயிலைச் சரிவு முடிவதற்குள் மழை. உன் கை போய்ப் பாட்டை அணைத்தது.

அணைத்ததும்தான் கமலா அலறத் தொடங்கினாள். அதுவரை வலிக்கு முனகிக்கொண்டு வந்தவள், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினாள். அடங்கச் சொன்னால் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பாட்ட போடுங்கண்ணே... ஒரே கப்சிப்புனு இருக்கே... செத்துப் போயிருவேன்போல இருக்குண்ணே..."

"பாட்டாம் பாட்டு! புள்ள பெக்கப் போறவளுக்குப் பாட்டு கேக்குதாக்கும்" என்றார் அஞ்சலையம்மா. சொன்னவருக்கே குரல் உடைந்தது.

அவள் இப்படி முறுக்கினால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும், பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடும் என்று உன் காதோடு சொன்னேன். செம்மண் வெட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாய்.

"நான் பாட்ட போடறேன். நீ எறங்கி முன்னாடி நட. பாட்டுச் சத்தம் அமுங்கற தூரத்துக்குப் போயி மலையக் கேளு. நான் பின்னாலயே ஊர்ந்து வர்றேன். கல்லு விழுந்தா டார்ச்ச ஆட்டு."

"நானா?"

"பின்ன, அஞ்சலையக்காவா? நான் எறங்குனா ஸ்டேரிங்க நீ புடிப்பியா?"

"டேய், எனக்குப் பயமா இருக்குடா."

"அதான் உன்னய அனுப்பறேன். பயந்தவன் காதுதான்லா நல்ல காது. போ."

இறங்கினேன். முதலில் குடை பிடித்தேன். குடைமேல் விழுந்த மழையே காதை அடைத்தது, மடக்கிவிட்டேன். பனி இறங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் விளக்குகள் இரண்டு மஞ்சள் பொட்டு, அவ்வளவுதான். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. செருப்பு சேற்றில் சிக்கியது, விட்டுவிட்டு நடந்தேன். எல்லாச் சத்தமும் கல் விழுகிற சத்தமாகவே கேட்டது. இலையில் சொட்டுவது கல், கால்வாயில் ஓடுவது கல், என் பல் அடித்துக்கொண்டது கல். இது எப்படிப் பிரித்துக் கேட்பது? பின்னால் உன் பாட்டு வேறு நான் நினைத்ததைவிட நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. சாமியைக் கூப்பிட வாயெடுத்தால் பெயர் வரவில்லை. வீட்டுக்காரியின் முகம் வந்தது, அதைத் தள்ளிவிட்டு நடந்தேன்.

அப்போது பாட்டு நின்றது. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. நீ அதைத் துப்பவைத்துத் திருப்பிச் செருகுகிற அந்த இடைவெளியில்தான் கேட்டேன். தார்ச்சாலையில் 'டிக்'கென்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அது இலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. சந்தேகமே வரவில்லை.

டார்ச்சை ஆட்டச் சொன்னாய். விரல் பொத்தானை அமுக்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உன் விளக்கைப் பார்த்து ஓடினேன். நீ பிரேக்கை மிதித்த சத்தமும் எனக்குப் பின்னால் மலை இறங்கிய சத்தமும் ஒன்றாக வந்தன. பெரிய இடியெல்லாம் இல்லை. யாரோ நெடுநேரம் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடத்தில் ரோடு இல்லை. ஒரு மரம் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்து நடுவில் நின்றது.

வண்டியில் ஏறினேன். நீ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாய், விடவே இல்லை. பின்னால் அஞ்சலையம்மா, "டிரெஸரு, காலு வந்துருச்சு!" என்று அலறினார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. நீ வண்டியைப் பின்னுக்கு உருட்டி, மலை விலகியிருந்த ஒரு திருப்பத்தில் ஒதுக்கினாய். பாட்டை மறுபடி ஓடவிட்டாய், மெதுவாக. கமலா அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். என் கை எதையெதையோ செய்தது, புத்தகத்தில் போட்டிருந்த படம் கண்ணில் வந்து வந்து போனது. இழுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக நினைவிருந்தது. பொறுத்தேன். பொறுப்பதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். கடைசியில் தலையும் வந்தது. பெண் பிள்ளை. நீலமாகத் தொய்ந்து கிடந்தது.

வாயைத் துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். பாதத்தில் தட்டினேன். மூச்சு இருக்கிறதா இல்லையா, பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு நேரமில்லை. நீயே திருகி அணைத்தாய். 'டக்.'

கமலா இந்தத் தடவை பாட்டைப் போடச் சொல்லவில்லை. அஞ்சலையம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். கூரைத் துணியில் மழை மட்டும். நான் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். மலையைக் கேட்கப் போனபோது இருந்த பயம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஒன்று. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை.

இன்றைக்கும் நிறுத்தவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வாயாடியைச் சமாளிக்க முடியவில்லை என்று வாத்தியார் என்னிடம் வந்து புலம்புகிறார், ஏதோ நான்தான் ஊசி போட்டு அடக்க முடியும் என்பதுபோல.

மரத்தை அகற்றிப் பாதை திறந்து, மேலே தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவர்களைச் சேர்த்த பிறகு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாய். கிளாஸ் உன் கையில் கிடுகிடுவென்று ஆடியது. "உனக்கும் பயம்தானா?" என்றேன். "நீ பனியில மறைஞ்சப்பவே என் உசுரு போயிருச்சுடா. உன் பொண்டாட்டிக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றாய். அதுவரை நான் உன்னைத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உன்னை எனக்கு ரொம்பப் பிடித்தது.

போன மழைக்காலத்தில் உன் வீட்டம்மா என்னைக் கூப்பிட ஆள் விட்டார். மூச்சிரைக்க வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்து கிடந்தாய், வாசலில் வேலைக்குப் போட வைத்திருந்த சட்டை தொங்கியது. வீடு முழுக்க ஆள், ஒரே இரைச்சல். "எல்லாரும் சும்மா இருங்க" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை, அன்றைக்குக் கப்பென்று அடங்கினார்கள். குழாயைக் காதில் மாட்டி உன் நெஞ்சில் வைத்தேன். உன் வீட்டம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்த உடனே தெரிந்துவிட்டது. எனக்கு இத்தனை வருட அனுபவம், தெரியாமல் இருக்குமா? ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இடத்தை மாற்றி வைத்துக் கேட்டேன். அந்தப் பிள்ளையும் உடனே அழவில்லையே, கொஞ்சம் பொறுத்துத்தானே அழுதது என்று பொறுத்தேன். குழாயைக் காதிலிருந்து எடுத்தால் நீ போய்விட்டாய் என்று ஆகிவிடும், எடுக்கப் பயந்தேன். யாரோ என் தோளைத் தொட்டு எடுத்துவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதானடா இருக்கிறேன்.