என் விரலில் எண்பத்தாறு

ஜூன் 2021, செவ்வாய். மாடம்பாக்கம்.

வெட்கக்கேடு. மத்தியானம் நான் சாகப்போகிறேன் என்று நினைத்து, பீரோ சாவி இருக்குமிடத்தை மனைவி மேரியிடம் சொல்லி அழுதேன். எங்கள் டிரஸ்ட் மலைக்கிராமத்துக்கு அனுப்பியதில் மீந்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டியிருந்தேன். ஆக்சிஜன் 86. மேரி வந்து என் கையைத் திருப்பினாள். 98.

"தலைகீழா படிச்சிட்டு உயில் எழுதறீங்களா? நீங்கதான் டிரஸ்டுக்கு மெடிக்கல் இன்சார்ஜா? கர்த்தரே!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. காலையில்தான் மலையிலிருந்து மகேஸ்வரி பேசியிருந்தாள். எங்கள் டிரஸ்ட் டீச்சர். பள்ளி மூடியதிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பாடமும் நடத்துகிறாள், கொரோனாக் காய்ச்சலும் பார்க்கிறாள். அந்த ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணி ராசாத்திக்குக் காய்ச்சலாம்.

"மெஷின்ல தொண்ணூத்தாறு சார்."

"டிஸ்டிங்ஷன்மா! கஞ்சி குடு" என்று ஜோக்கடித்து வைத்துவிட்டேன். மெஷினைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவளும் தலைகீழாகப் படித்திருந்தால்?

சிக்னல் கிடைக்கும் பாறைக்கு அவள் மறுபடி ஏறி வந்தது சாயங்காலம்தான்.

"ராசாத்தியை உடனே கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குங்க!"

"மழை சார், பாதை வழுக்கும். இன்னொரு தடவை மாட்டிப் பாத்துட்டு வரவா?"

"நேரமில்லம்மா, இறக்கு!"

நாலு பேர் தூளி கட்டித் தூக்கிக் கிளம்பிவிட்டதாக ஒரு மெசேஜ் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ராசாத்தியின் உண்மையான எண் எவ்வளவு மோசம் என்று பார்க்க, இப்போது இங்கே 96 என்று எழுதி, நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன்.

96.