வியாழன் காலை பேட்டரி சார்ஜ்

2603 (ஜப்பான் கணக்கு; பழைய கணக்கில் 1943), ஆகஸ்டு 5, வியாழன்

மழை. கடிகாரத்தில் எட்டு, வானத்தில் ஆறரை. தோக்கியோ நேரம். சூரியனுக்கு இன்னும் உத்தரவு வந்து சேரவில்லை போலும்.

மரவள்ளி வாங்க வேண்டும். சவர்க்காரம், கிடைத்தால். பிள்ளைகளுக்கு நாளைய நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, பாடம். நான் அவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் இருக்கிறேன். முன்பு இதே வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார்.

மதியம் என் மனைவி பரமேசு நனைந்தபடி வந்தாள். அவள் தம்பி நடேசனை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டத்தோ கிராமாட் ரோட்டில் பேட்டரி பட்டறை வைத்திருப்பவன். குற்றம்: வாசலில் தொங்கும் போர்டு.

போர்டு எழுதியது நான். போன மாதம், வெள்ளைப் பெயிண்டில், இங்கிலீஷில். 'வியாழன் காலை பேட்டரி சார்ஜ். சனி ஹெவி சார்ஜ்.' அந்தத் தெருவுக்கு மின்சாரம் வருவது அந்த இரண்டு நாள்தான். ஹெவி என்றது லாரி பேட்டரியை.

ஜப்பானிய ஸ்டேஷன் அதிகாரியிடம் ராணுவ அகராதி ஒன்று இருக்கிறதாம். அதில் பேட்டரி என்றால் பீரங்கிப் படை. சார்ஜ் என்றால் பாய்ந்து தாக்குதல். ஆக, வியாழன் காலை பீரங்கித் தாக்குதல், சனிக்கிழமை பலத்த தாக்குதல். சதித் திட்டத்தைக் கிழமை போட்டுத் தெருவில் மாட்டியிருக்கிறோம்.

டீக்கடை காசிம் வாடிக்கையாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. "மாஸ்டர் எழுதுன போர்டு-லா. தப்பு இருந்திருந்தா எவனுக்கும் புரிஞ்சிருக்காது. சுத்தமா எழுதுனதாலதான் ஆளு மாட்டிக்கிட்டாரு."

இதைவிட நல்ல நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை.

6, வெள்ளி

மேகமூட்டம். பரமேசு ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் இரக்கப்பட்டு விவரம் சொல்லியிருக்கிறார்.

போர்டை எழுதியது தானே என்று நடேசன் சாதிக்கிறானாம். சாக்குக்கட்டி கொடுத்து இன்னொரு தடவை எழுது என்றார்களாம். எழுதியிருக்கிறான். பேட்டரியில் ஒரு டி குறைவு. சார்ஜில் ஆர் இல்லை, கடைசி ஈ-யும் இல்லை. அதிகாரி முட்டாள் அல்ல. யார் எழுதியது என்று கேட்டு அறைந்திருக்கிறார்கள். நான்தான் என்றானாம். திரும்ப அறை. திரும்ப நான்தான்.

நாலு வருடமாக அவனும் நானும் அவசியத்துக்கு மேல் பேசுவதில்லை. என் இங்கிலீஷ் ஒரு பல்பைக்கூட எரிக்காது என்பது அவன் கட்சி. அவன் இங்கிலீஷைக் கேட்டால் எரிகிற பல்பும் அணைந்துவிடும் என்பது என் கட்சி.

பரமேசு அழவில்லை. மரவள்ளி தோல் சீவிக்கொண்டே சொன்னாள். "அவன் உங்கட பேரைச் சொல்லேல்லை."

நாளை போகிறேன். காரணங்கள்: அவன் நிரபராதி. இவள் முகம். அப்புறம், அந்த எழுத்துப் பிழைகள் என் போர்டோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. எது முதல் காரணம் என்று ஆராயவில்லை.

7, சனி

கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

நடேசன் மூலையில் குந்தியிருந்தான். உதடு வீங்கி, ஒரு கண் பாதி மூடி. என்னைக் கண்டதும் தலையை மெல்ல ஆட்டினான். வராதே என்று. அதற்குள் வந்துவிட்டேன்.

அதிகாரி என்னைவிட இளையவர். மூக்குக்கண்ணாடி. மேசையில் துணி சுற்றிய அகராதி. நிதானமான இங்கிலீஷ். என் வகுப்பில் பாஸ் போட்டிருப்பேன். போர்டு என் கையெழுத்து என்றேன். சார்ஜ் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை என் பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனும் கேட்டதில்லை.

ஆரம்பித்தேன். கட்டணம். குற்றச்சாட்டு. மின்சாரம் ஏற்றுதல். பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு சொற்கள், உதாரண வாக்கியங்கள். வெடிமருந்தின் அளவையும் சார்ஜ் என்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மூலையிலிருந்து தமிழில் ஒரு குரல். "அத்தான், காணும்."

போதும் என்கிறான். நிறுத்தினேன். அதிகாரி அகராதியைத் திருப்பிக் காட்டினார். தாக்குதல் மட்டும்தான். மற்றவை நீ இட்டுக்கட்டியவை என்றார். அச்சடித்த புத்தகத்தோடு வாதாடுவது எப்படி? வாத்தியார் வேலையில் நானே வகுப்பில் எத்தனை தரம் புத்தகத்தைக் காட்டி வாயடைத்திருக்கிறேன்.

கதவு திறந்திருந்தது. அதில் வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளைத் தகடு. யாரும் கழற்றவில்லை. 'ஆபீசர் இன் சார்ஜ்.'

அனுமதி கேட்டுச் சுட்டிக்காட்டினேன். "உங்கள் அகராதிப்படி, ஐயா, இது தாக்குதலில் ஈடுபட்டிருக்கும் அதிகாரியின் அறை. என் கணக்கில், ஓர் இடத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவரின் அறை."

அவர் எழுந்துபோய்த் தகட்டைப் படித்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய்ப் படித்தார். நடேசனின் மூச்சு எனக்குக் கேட்டது. என்னுடையது கேட்கவில்லை.

பிறகு பென்சில் எடுத்து, அகராதியின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டார். நான்கு பொருளையும். எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

கடைசியில் நடேசனைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். "இந்த ஆள். இன் யுவர் சார்ஜ்." இனி அவன் தவறு செய்தால் இரண்டு பேருக்கும் தண்டனை. போர்டு இருக்கக் கூடாது.

குனிந்து வணங்கினேன். 'இன்' என்ற முன்னிடைச் சொல் சரி. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுவார்கள். என் ஒரே நிப்பொன் மாணவர், ஒரே பாடத்தில்.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். நடேசன்தான் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தான். யார் யார் பொறுப்பில் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

8, ஞாயிறு

வெயில். நடேசன் எங்கள் வீட்டில். போர்டை அடுப்பில் வைத்தாயிற்று. நல்ல பலகை, நன்றாக எரிந்தது.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் வந்து அவங்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கத் தொடங்கியிருப்பியள், அத்தான். பாவம் அவங்கள் எண்டு விட்டன்."

பரமேசு சிரித்தாள். அவன் சிரிக்க முயன்று உதட்டைப் பிடித்துக்கொண்டான். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னான். "உங்களையும் கொண்டுபோனா அக்கா தனிச்சுப் போவா. நான் ஒற்றை ஆள்."

கண்ணாடியைத் துடைத்தேன். அழுக்கு இல்லை. துடைத்தேன்.

இவனைப் பற்றிப் பள்ளிக்கூட நண்பர்களிடம் இத்தனை நாளும் 'வீட்டுக்காரியின் தம்பி' என்றுதான் சொல்லி வந்தேன். இன்று காசிம் கடையில் விசாரித்தவர்களிடம் 'என் மச்சான்' என்றேன். கொஞ்சம் உரக்கவே.

நேற்று அதிகாரியிடம் ஒரு பொருளை விட்டுவிட்டேன். ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆளுக்கும் சார்ஜ் என்றுதான் பெயர். என் சார்ஜ் மூன்றாம் தடவை மரவள்ளி கேட்கிறான். பரமேசு போடுகிறாள். என் தட்டிலிருந்து.