மண்டபத்தில் சாம்பிராணிப் புகை

14 மார்ச் 1958, வெள்ளி

இன்றைக்கு ஜெயித்துவிட்டேன்! புது நகர மண்டபத்தின் கூரை உச்சியில் நான் வரைந்த காற்றுத் திறப்புகளைப் பலகை அடித்து மூடச் சொல்லி, கட்டடக் கமிட்டித் தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். மழை உள்ளே வருமாம். மின்விசிறி போதுமாம்.

பேசிப் பயனில்லை. வீட்டுத் தூபக்காலைக் கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் சாம்பிராணி போட்டேன். புகை மேலே போகாமல் எங்களைச் சுற்றியே தேங்கி நின்றது.

"என்ன இன்ஜினியர், கண்ணு எரியுது லா," என்று மலாய் பாணியில் 'லா' போட்டுச் சிரித்தார் தலைவர்.

அப்புறம்தான் கவனித்தேன். காற்றடித்துச் சாம்பல் பறக்கும் என்று காவல்காரர் கீழ் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார். ஓடிப்போய் நானே திறந்தேன். கீழே காற்று நுழைந்ததும் புகை மளமளவென்று ஏறி உச்சித் திறப்பு வழியாக வெளியே போனது. தலைவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சரி, மூட வேண்டாம்."

காஜா பேராங்கில் இருக்கும் வீடு வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். அடுப்படிப் புகையில் இருமிக்கொண்டே என் மனைவி கமலா எல்லாவற்றையும் கேட்டாள். தூபக்காலை வாங்கி வைத்தாள்.

"நம்ம அடுப்படிக்கு எப்போங்க ஓட்டை போடுவீங்க?"

நாளைக்கே கூரையில் ஏறுகிறேன். இந்தக் கமிட்டித் தலைவியிடம் வாதாட என்னால் ஆகாது.