அரை இடம் தள்ளி ஆரம்பித்த பாட்டு

இன்று காலை வயலின் பெட்டியைத் திறந்ததும், வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வாசனை முகத்தில் அடித்தது. உடனே உன்மேல் கோபம் வந்தது. நீ போய் இரண்டு வருடமாகியும் அது தணியவில்லை. என்மேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புத்த பூர்ணிமாவுக்கு நீ மெட்டுப் போட்டாயே, அந்தப் பாட்டுதான் காரணம். அடுகோடியில் கார்மெண்ட்ஸ் வேலையை முடித்துக்கொண்டு வந்து, விழா நடத்தும் நம் சங்கத்து அறையில் கைதட்டிப் பாடிக் காட்டினாய். தாளத்தின் தட்டு விழுந்து அரை இடம், அதாவது அரைத் தட்டு நேரம், தள்ளித்தான் உன் வரி ஆரம்பிக்கும். கூடவே வாசிக்க இரண்டு வயலினுக்கும் ஒரு புல்லாங்குழலுக்கும் நான் எழுதித் தந்தேன். நீ பாடாமல் விட்ட இடைவெளிகளெல்லாம் எனக்கு ஓட்டையாகத் தெரிந்தன. ஒன்று விடாமல் அடைத்தேன்.

ஒத்திகையில் பாதியில் நிறுத்தினாய். "ஏய், நான் மூச்சு விடற இடத்துலல்லாம் நீ எதுக்குடி பேசற? ஸ்வல்ப இடம் விடு."

"இடம் விட்டா காலியா இருக்கும். கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாட்டு வருதுன்னு நினைப்பாங்க."

நான் எழுதியதில் ஒரு சுரத்தைக்கூட நீக்கவில்லை.

மேடையில் என் வயலின்கள் தாளத்தின் தலையிலேயே ஓங்கி விழுந்தன. கோரஸ் பெண்கள் உன்னை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நீ கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினாய். தனியாகக் கைதட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து பாடி முடித்தாய். அத்தனை பேர் முன்னால் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை.

பிறகு கல்யாணமாகி அத்திபெலே போனாய். நமக்குள் பேச்சு திரும்பியது, அந்தப் பாட்டைத் தவிர. நோயில் படுத்திருந்தபோது நீயாகவே கேட்டாய்: "அந்த வயலின மாத்தி எழுதினியாடி?"

"எழுதிட்டேன்" என்றேன். பொய்.

"அப்ப வாசிச்சுக் காட்டு."

அடுத்த வாரம் வயலினோடு வருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் நீ இல்லை.

இந்த வருடம் சங்கத்தில் உன் பாட்டை மறுபடி பாடுகிறார்கள். பத்து நாளாக வயலினை மாற்றி எழுதுகிறேன். உன் வரியோடு சேர்ந்து போனால் உன்னை அமுக்குகிறது. பின்னால் வந்தால் இழுக்கிறது. நீண்ட சுரமாகப் பிடித்தால் பாட்டே தூங்கிவிடுகிறது. நேற்று வெறுத்துப்போய் வயலினைக் கீழே வைத்துவிட்டுப் பெண்களை அப்படியே பாடச் சொன்னேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இல்லாமலே முழுதாக இருக்கிற பாட்டில் எனக்கென்று எந்த இடத்தை வைத்திருந்தாய்? கேட்க வழியில்லை. பஸ்ஸில் போகும்போதும் காய் நறுக்கும்போதும் என் விரல் உன் இடைவெளிகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்றுகூடத் தப்புவதில்லை. அவற்றில் எதை வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.