பதினான்கு கட்டங்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஒன்பது இருபதுக்கு மனைவியிடமிருந்து தொலைபேசி. பிரிந்து வாழத் தொடங்கிய இந்த எட்டு மாதங்களில், மகளைப் பற்றியன்றி வேறெதற்கும் அவள் அழைத்ததில்லை, இதுவும் அப்படியே.

"தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்துடறா. இன்னிக்கு அப்பா வர்ற நாளான்னு கேக்கறா. இல்லம்மான்னு தினம் நான்தான் சொல்லணும். அவளுக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லுங்க."

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. எங்கள் ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தி. வக்கீலான நானே எழுதியது, ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் மகளுக்கு வயது ஐந்து. கிழமைகள் அவளுக்கு இன்னும் வரிசையில் வருவதில்லை.

மார்ச் 7, சனி

நான்கு மாலைகள் உழைத்துத் தயாரித்த அட்டவணையைக் கொண்டுபோனேன். மூன்று மாதங்கள். பச்சை என்றால் உறுதியான நாள். மஞ்சள், கட்சிக்காரர் எவரேனும் வந்தால் மாறக்கூடிய நாள். சாய்கோடுகள், பள்ளி விடுமுறை. கீழே குறிவிளக்கம். அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், விதிவிலக்குகள்.

மகள் வெகுநேரம் பார்த்தாள். பச்சையைத் தொட்டு, "இது புல்லாப்பா?" என்றாள்.

அவள் அம்மா சமையலறை வாயிலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா பதில் வராது, பத்தி வரும்."

முன்பெல்லாம் இதையே சண்டையில் சொல்வாள். இன்று கோபமே இல்லாமல் சொன்னாள். கோபம் இருந்திருந்தாலே தேவலை.

மார்ச் 9, திங்கள்

திரும்பக் கொண்டுவந்த அட்டவணையை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மாள் பார்த்துவிட்டார்.

"யாருக்கு சார் இது?"

"மகளுக்கு."

"பாப்பா என்ன, எதிர்த்தரப்பு வக்கீலா?" பிறகு, சற்றுக் கனிந்து: "இன்னும் எத்தனை தடவை தூங்கி எந்திரிச்சா அப்பா வருவாரு? அவ கேக்கறது அவ்வளவுதான். அதை மட்டும் போடுங்க. மத்ததையெல்லாம் எடுத்துடுங்க."

எடுப்பதா? பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்து மட்டுமே பழகியவன் நான்.

மார்ச் 12, வியாழன்

ஒரு நீள அட்டை. பதினான்கு கட்டங்கள். தேதிகளை நீக்கினேன். கிழமைகளை, நிறங்களை நீக்கினேன். கடைசிக் கட்டத்தில் நான் இருக்க வேண்டும். என் முகத்தை ஆறு முறை வரைந்தேன். ஆறு பேருமே காவல்துறையால் தேடப்படுபவர்கள். ஆகவே முகத்தையும் நீக்கினேன். எஞ்சியது மூக்குக்கண்ணாடி: இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு.

மஞ்சளுக்கு இதில் இடமில்லை. "வரக்கூடும்" என்பதை எப்படி வரைவது? முடியாது. வருவேன், அல்லது வரமாட்டேன். அந்த அட்டவணை புரியாமல் போனதற்குக் காரணம் மகளின் வயது அல்ல, என் மஞ்சள்.

மார்ச் 21, சனி

வாசற்படியில் மகள் இல்லை. உள்ளே பொம்மைகளோடு இருந்தாள்.

"இப்பல்லாம் அவ கேக்கறதே இல்ல," என்றாள் அவள் அம்மா.

எனக்குள் ஓடியது: கேக்கறதே இல்லையா? கேட்டுக்கிட்டே இருந்தப்ப கஷ்டமா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் —

கிளம்பும்முன் அட்டையை நீட்டினேன். கடைசிக் கட்டத்தைக் கண்டதும் "அப்பா!" என்றாள், என்னைப் பார்க்காமல், அட்டையைப் பார்த்து. தினமும் தூங்கி எழுந்ததும் ஒரு கட்டத்தில் ஒரு வண்ணப்புள்ளி ஒட்ட வேண்டும் என்றேன். வேறெதுவும் விளக்கவில்லை. கதவில், மகளின் கண் உயரத்துக்கு, அவள் அம்மாவே அதை ஒட்டினாள்.

மார்ச் 31, செவ்வாய்

மூத்த வழக்கறிஞர் அழைத்தார். "சனிக்கிழமை பெரிய கட்சிக்காரர் வர்றார். நீங்க இருக்கணும்."

"அன்னிக்கு வேற இடத்துல ஆஜராகணும் சார்."

"வாய்தா வாங்கிக்குங்களேன்."

"அங்க வாய்தா கிடையாது சார்."

ஏப்ரல் 4, சனி

வாசற்படியில், செருப்போடு! கதவில் பதின்மூன்று புள்ளிகள். பதினான்காவதை விரல் நுனியில் வைத்துக் காத்திருந்தாள். நான் குனிந்தவுடன் என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். அடுத்த அட்டையை அவளே வரைவாளாம்.

மாலை விடைபெறும்போது கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது போலும். மனைவியின் கை சற்றே உயர்ந்தது. பிறகு தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. நீதிமன்றத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையும் இதை நேராக்கி அனுப்பிய கை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கண்ணாடியிலிருந்து அந்தப் புள்ளியை இன்னும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அலுவலகத்துக்கு ஓர் உறை வந்தது. உள்ளே மகள் எனக்காக வரைந்த அட்டை. கோணல்மாணலாகப் பதினான்கு கட்டங்கள். முதல் இரண்டில் புள்ளிகள். கடைசியில், தடித்த மெழுகுக் கோட்டில், என் மூக்குக்கண்ணாடி.

நான்காம் கட்டத்திலும் ஒரு மூக்குக்கண்ணாடி. மெல்லிய பென்சில் கோடு, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அது மகளின் கை அல்ல.

நான்காம் கட்டம் என்றால் புதன். நாளை. விரல் விட்டு மூன்று முறை எண்ணினேன். நேரம் குறிப்பிடப்படவில்லை. நிபந்தனை இல்லை. கையொப்பம் இல்லை.

ஐயத்துக்கும் இடமில்லை.

ஏப்ரல் 8, புதன்

மாலை ஐந்து மணிக்கே கிளம்பினேன். தட்டச்சு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "சார், கண்ணாடி கோணலா இருக்கு," என்றார்.

தெரியும் என்றேன்.