ஜெரெபு நாளில் ஓடிக்கொண்டிருந்த வேன்

இன்று காலை கதவைத் திறந்ததும் கருகல் வாடை முகத்தில் அடித்தது. மறுபடியும் ஜெரெபு. கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரிய, எங்கள் மாசாய் ஊர் முழுக்கப் புகைமூட்டம். எனக்கு உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

நாம் இருவரும் பள்ளி வேன் ஓட்டினோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் மணி அடிக்கும்வரை பள்ளிச் சுவரோரம் வேனிலேயே கண்ணயர்வோம். கரும்புகை விடும் வேனைக் கண்டால் உனக்கு ஆகாது. "பிள்ளைங்க பக்கத்துல நிறுத்தாதீங்க, மொதல்ல எஞ்சினைப் பாருங்க," என்று விரட்டுவாய். உன் வேனில் புகையே தெரியாது என்று ஒரே பெருமை. "ஆமா, அது பன்னீர்தான் தெளிக்கும்," என்று நான் கேலி செய்வேன்.

அன்றும் இதே வாடைதான். "அக்கா, வெளிய ஜெரெபு லா. கண்ணாடிய ஏத்திட்டு ஏர்கான் போட்டுக்குங்க," என்றாய். என் வேனில் ஏர்கான் கெட்டுப்போயிருந்தது. முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மதியம் உன் வேனருகே பிள்ளைகள் சத்தமில்லாமல் வரிசையாக நின்றார்கள். "ஆன்ட்டி தூங்குறாங்க," என்று ஒருத்தி வாயில் விரல் வைத்துக் காட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன், பிறகு உடைத்தேன். உன் கன்னம் சிவந்திருந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் உன் முகத்தை அவ்வளவு களையாக நான் பார்த்ததே இல்லை. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

வேனுக்கு அடியில் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாம். எரிபொருள் முழுதாக எரியாதபோது நிறமும் வாடையும் இல்லாத ஒரு நச்சுக்காற்று வருமாம்; கன்னம் சிவக்க, உறக்கத்திலேயே கொன்றுவிடுமாம். அது உள்ளே ஏறிவிட்டது என்றார் பட்டறைக்காரர். கூடவே வந்த புகைநாற்றத்தை, ஊரே கருகி நாறிய நாளில் யார் பிரித்தறிவது? புகைக்குப் பயந்துதான் நீ கண்ணாடியைச் சாத்திக்கொண்டாய்.

இப்போது எல்லோரையும் நச்சரிக்கிறேன். வண்டி நின்றால் எஞ்சினை அணை, குழாயைச் சோதித்துப் பார் என்று. அப்படியும் மனம் கேட்பதில்லை. ஜெரெபு நாட்களில் ஒவ்வொரு வேனாகப் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறேன். அவர்கள் கண் திறக்கும்வரை உள்ளே இருப்பது உன் முகம்தான். "என்னாக்கா, தூங்க விடமாட்டீங்களா?" என்று எரிந்து விழுவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

இன்று ஒருத்தி கண் திறக்க நேரமாகிவிட்டது. அவள் விழித்து என்னை விநோதமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் உன் பெயரைச் சொல்லித் தட்டியிருக்கிறேன்.